அசைவது கருவியா, நோயாளியா? மறுவாழ்வு ரோபோ செய்யும் பொறியியல் மாணவர்களுக்கும் அவர்களின் வழிகாட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உயிர்மருத்துவப் பொறியியல், மெக்கட்ரானிக்ஸ், மின்னணுவியல் துறைகளின் இறுதியாண்டு புராஜெக்ட்களில் பக்கவாத நோயாளிகளுக்கான ரோபோ கையுறை அடிக்கடி இடம்பெறுகிறது. அமைப்பு பெரும்பாலும் ஒன்றேதான். நல்ல கையில் விரல் வளைவதை அளக்கும் ஐந்து ஃப்ளெக்ஸ் சென்சார், நடுவில் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, செயலிழந்த கையின் புறத்தில் சொன்ன கோணத்துக்குத் திரும்பும் ஐந்து சர்வோ மோட்டார், அங்கிருந்து விரல்நுனி வரை ஓடும் நைலான் நரம்பு. நல்ல கையை மூடினால் மறுகையும் மூடும், திறந்தால் திறக்கும். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். அதற்குப் பின்னால் உள்ள உழைப்பை நாங்கள் உண்மையாகவே மதிக்கிறோம். ஆனால் அதே கையுறையை ஒருவர் மூன்று மாதம் தினமும் அணிந்தாலும், கழற்றியபின் அவருடைய கை பெரிதாக மாறியிருக்காது. ஏன் என்று சொல்லவும், அடுத்த ஆண்டு நீங்கள் தொடங்கும் புராஜெக்ட் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவுமே இந்த மடல்.

பக்கவாதத்தில் கை பழுதாவதில்லை. தசை இருக்கிறது, எலும்பு இருக்கிறது, தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பும் இருக்கிறது. பழுதானது மூளையின் மேலடுக்கான மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் கட்டளைப் பாதை. மறுவாழ்வு என்பது எஞ்சிய பாதைகளை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்ய மூளை மறுபடி கற்றுக்கொள்வது. கற்க வேண்டியது மூளை என்றால், அதற்குப் பாடம் எங்கிருந்து கிடைக்கிறது? ‘அசை’ என்று தான் அனுப்பிய கட்டளையையும், அதன் விளைவாகத் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் திரும்பி வந்த செய்தியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து. கையை மோட்டார் இழுக்கும்போது திரும்பி வரும் செய்தி மட்டும் இருக்கிறது; அனுப்பிய கட்டளை இல்லை. ஒப்பிட எதுவுமில்லை. ஆரோக்கியமானவர்களை வைத்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கட்டைத் தாமாக அசைத்துப் பயின்றவர்களிடம் கண்ட முன்னேற்றமும் மூளைப் புறணி மாற்றமும், அதே அசைவைக் கருவி செய்துவிட்டவர்களிடம் கண்டதைவிடத் தெளிவாக அதிகம். பிறர் அசைத்துவிடுவதால் மூட்டு இறுகாமல் இருக்கும், வீக்கம் குறையும். அந்தப் பயனை நாங்கள் மறுக்கவில்லை. அதற்கு ஐந்து சர்வோ தேவையில்லை, வீட்டிலிருப்பவர் ஒருவரின் கை போதும்.

இது மாணவர் கையுறைக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. நடைப்பயிற்சி ரோபோக்களில் புகழ்பெற்றது லோகோமாட். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தது, விலையோ கோடிகளில். பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குள் இருந்த 63 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஒப்பீட்டில், லோகோமாட்டில் பயின்றவர்களைவிட வழக்கமான நடைப்பயிற்சி பெற்றவர்களே வேகத்திலும் தூரத்திலும் முன்னே நின்றார்கள். பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த ‘ராட்டுல்ஸ்’ ஆய்வு 2019-இல் வந்தது. அங்கே பயன்பட்டது எம்ஐடி-மானுஸ் என்ற கை ரோபோ. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 45 நிமிடம் வீதம் 12 வாரம் பயின்றும், கையை அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்தும் திறனில் வழக்கமான கவனிப்பைவிடக் குறிப்பிடத்தக்க மேம்பாடு காட்ட முடியவில்லை. அசைவுத் திறனின் அளவுகோலில் மட்டும் சிறிய நன்மை தெரிந்தது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரே அமர்வில் ஆயிரம் அசைவுகளுக்கும் மேல் ரோபோவால் செய்ய வைக்க முடிந்தது. வழக்கமான சிகிச்சை அமர்வில் கைக்குக் கிடைக்கும் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே என்பது 2009-இல் வந்த ஒரு கணக்கெடுப்பு. அசைவுகள் எத்தனையோ மடங்கு கூடின, பலன் அந்த அளவுக்குக் கூடவில்லை. எண்ணிக்கையை ரோபோ தரும் என்பது நிரூபணமாகிவிட்டது. அந்த எண்ணிக்கைக்குள் நரம்பு மண்டலத்துக்கு வேலை இருக்கிறதா என்பதுதான் இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த வேலையை ரோபோவே பறித்துக்கொள்ளும் விதம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் டேவிட் ரைன்கென்ஸ்மேயர் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. இயக்க மண்டலம் சிக்கனம் பிடிப்பது. பிழை சிறிதாக இருக்கும்வரை, அது தன் முயற்சியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரோபோ பிழையை விடாமல் திருத்திக்கொண்டிருந்தால், சில பத்து அசைவுகளுக்குள் நோயாளி உழைப்பதை நிறுத்திவிடுவார். அவருக்கே அது தெரியாது. ‘முயற்சி செய்யுங்கள்’ என்று திரையில் எழுதி வைப்பதால் இது தீராது, ஏனென்றால் இது சோம்பல் அல்ல. ஆரோக்கியமான நரம்பு மண்டலமும் இதையேதான் செய்கிறது.

தீர்வு கட்டுப்பாட்டு நிரலில் ஒரே வரி. அடுத்த முயற்சிக்குத் தரவேண்டிய உதவி = (மறதிக் காரணி × இம்முறை தந்த உதவி) + (கற்றல் காரணி × இம்முறை ஏற்பட்ட பிழை). மறதிக் காரணி ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 0.9 என்று வைத்தால், பிழையே இல்லாத நிலையில் ஏழு முயற்சிகளுக்குள் உதவி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நோயாளியின் முயற்சி குறையும் வேகத்தைவிட ரோபோவின் உதவி குறையும் வேகம் அதிகமாக இருப்பதுதான் இதன் உயிர்நாடி. உதவி குறையும்போது பிழை தலைதூக்கும், மூளை மறுபடி விழித்துக்கொள்ளும். மறதிக் காரணியை 1 என வைப்பது நாம் காணும் மிகப் பொதுவான தவறு. உதவி ஏறிக்கொண்டே போய் ஒரு நிலையில் நின்றுவிடும், வரைபடத்தில் பிழை பூச்சியமாகத் தெரியும், அறிக்கையில் அது வெற்றி என்று எழுதப்படும்.

இத்தோடு இரண்டு சிறு ஏற்பாடுகள். பாதையின் இருபுறமும் ஐந்து பாகை அளவுக்கு ரோபோ தலையிடாத இடம் விடுங்கள். மனிதக் கை ஒருபோதும் கோடு கிழித்தாற்போல் போவதில்லை, அந்தத் தடுமாற்றமே கற்றலின் மூலப்பொருள். அடுத்து, சைகை ஒலித்த உடனே மோட்டாரை ஓடவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட கையில் அசைவு தொடங்கவே நேரமாகும். இரண்டு வினாடியாவது காத்திருந்து, முயற்சி தென்பட்ட பிறகு தேவையானதை மட்டும் கொடுங்கள்.

முயற்சி தென்பட வேண்டுமானால் கருவி கை சொல்வதைக் கேட்க வேண்டும். பெரும்பாலான புராஜெக்ட்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். எம்ஜி996ஆர் போன்ற பொம்மை சர்வோவிடம் கோணத்தைச் சொல்லலாம், ஆனால் அது திரும்ப எதையும் சொல்லாது. விரல் தானாக நகர்ந்ததா, சர்வோ நகர்த்தியதா என்று உங்கள் நிரலுக்குத் தெரிய வழியில்லை. உள்ளே இருக்கும் பல்சக்கரத் தொகுதி மிகப் பெரிய விகிதம் கொண்டது, நோயாளியின் பலவீனமான தள்ளலை முழுவதும் விழுங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறிய டிசி மோட்டாரின் சுழலியின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்ற முயன்றால் அது காட்டும் தயக்கத்தின் அளவு) 10 கிராம் சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு கிலோகிராம் சதுர மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். 100-க்கு 1 கியர்பாக்ஸ் மாட்டினால், வெளித்தண்டில் அது விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது பத்தாயிரத்தால், பெருகி 0.01 ஆகிறது. மணிக்கட்டை மையமாகக் கொண்டு ஒரு மனிதக் கையின் மதிப்பு ஏறக்குறைய 0.003. தன் கையையே தூக்கத் திணறுபவரின் தலையில் மேலும் மூன்று கைகளைக் கட்டிவிட்டீர்கள், அதற்கு மேல் உராய்வு வேறு. விகிதத்தை 20-ஆகக் குறைத்தால் 0.0004 தான் வரும், கையின் ஏழில் ஒரு பங்கு. ஆகவே கொஞ்சம் பெரிய மோட்டார், சிறிய விகிதம், முடிந்தால் பல்சக்கரத்துக்குப் பதில் கேபிள் அல்லது டைமிங் பெல்ட். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நெவில் ஹோகன் குழு 1989-இல் தொடங்கிய எம்ஐடி-மானுஸ் ரோபோவின் அடிப்படைக் கொள்கையே இதுதான்: நோயாளி தள்ளினால் கருவி வழிவிட வேண்டும்.

விசையை அளக்க லோட் செல் வாங்குவீர்கள், கூடவே அதன் சைகையை எண்ணாக்கும் மலிவான எச்எக்ஸ்711 பலகையும் வரும். அது வழக்கமாக வினாடிக்கு 10 அளவீடுகளே தரும். அதன் ஒரு பின்னை (இணைப்புக் கம்பியை) மாற்றி இணைத்தாலும் 80 தான். எடைத் தராசுக்குச் சரி, நரம்பு மண்டலத்தோடு உரையாட இது போதாது. கையில் ஒரு தசையைச் சட்டென்று இழுத்தால் தண்டுவட அனிச்சை ஏறக்குறைய 25 முதல் 50 மில்லிவினாடிக்குள் பதில் சொல்கிறது. மூளைப் புறணியும் பங்கெடுக்கும் நீண்ட அனிச்சை 50 முதல் 100-க்குள் வருகிறது. மனம் அறிந்த பதில் அதற்கும் பிறகுதான். 10 அளவீட்டுக் கருவி இரண்டு அளவீடுகளுக்கு நடுவே ஒரு முழு அனிச்சையைத் தவறவிடுகிறது. கருவிப் பெருக்கி ஒன்றையும், சைகையை எண்ணாக்கும், 12 பிட்டுக்குக் குறையாத மாற்றியையும் வைத்து வினாடிக்கு 1000 தடவை படியுங்கள், கட்டுப்பாட்டுச் சுழற்சியையும் அதே வேகத்தில் ஓட்டுங்கள். இன்று சில நூறு ரூபாய் விலையுள்ள 32 பிட் பலகைகளே இதைத் தாங்கும்.

வடிகட்டியும் நேரத்தைத் தின்னும். இரைச்சலைக் குறைக்க 50 அளவீடுகளின் நகரும் சராசரி எடுப்பது வழக்கமாகிவிட்டது. வினாடிக்கு 100 அளவீடு என்றால் அதன் தாமதம் ஏறக்குறைய 245 மில்லிவினாடி. நோயாளி முயன்று, தோற்று, கைவிட்ட பிறகு உதவி வந்து சேரும். கட்டளையும் விளைவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தால்தான் மூளை இரண்டையும் முடிச்சுப் போடும். அமெரிக்காவில் 2021-இல் ஒப்புதல் பெற்ற, பக்கவாதக் கைக்காக வேகஸ் நரம்பைத் தூண்டும் சிகிச்சையிலும் தூண்டல் ஒவ்வொரு அசைவோடும் இணைத்தே தரப்படுகிறது. நேரம் அத்தனை முக்கியம்.

உதவியின் கடினத்தன்மைக்கு ஒரு தொடக்க எண்: மணிக்கட்டுக்கு ரேடியனுக்கு 1 நியூட்டன் மீட்டர். 30 பாகை பிழையில் இது அரை நியூட்டன் மீட்டர் தரும், உள்ளங்கையில் 10 சென்டிமீட்டர் தள்ளி அரைக் கிலோ எடையை வைத்தாற்போல. கையின் சொந்த எடையைத் தாங்க இது போதும், நோயாளியை மீறிச் செல்லப் போதாது. தேவைப்பட்டால் இயன்முறை மருத்துவர் அருகில் இருக்கும்போது ஏற்றுங்கள்.

இனி, தசை இறுக்கம். மருத்துவர்கள் ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். இதை வெறும் விறைப்பான ஸ்பிரிங்காகக் கருதி, ‘டார்க் (சுழற்று விசை) போதவில்லை’ என்று பெரிய மோட்டாருக்குத் தாவுவது இரண்டாவது பெரிய தவறு. 1980-இல் ஜேம்ஸ் லான்ஸ் தந்த வரையறையின் மையச்சொல் வேகம்: தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. மூளையிலிருந்து வந்துகொண்டிருந்த அடக்கும் கட்டளை குறைந்துவிட்டதால், தசைக்குள் இருக்கும் தசைக்கதிர்கள் அனுப்பும் ‘இழுபடுகிறேன்’ என்ற செய்திக்குத் தண்டுவடம் அளவுக்கு மீறிப் பதில் சொல்கிறது. பெரிய மோட்டார் இன்னும் வேகமாக இழுக்கும், அனிச்சை இன்னும் கடுமையாகும், மூட்டும் தசைநாரும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

ரோபோவால் இதைக் கையால் பார்ப்பதைவிடத் துல்லியமாக அளக்க முடியும் என்பதே நல்ல செய்தி. நோயாளி தளர்ந்திருக்கும்போது மணிக்கட்டை வினாடிக்கு 10 பாகை வேகத்தில் ஒருமுறை நகர்த்தி எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். பிறகு அதே தூரத்தை 60 பாகை வேகத்தில், பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில். வேகமான அளவீட்டிலிருந்து கருவியின் சொந்த நிலைம விசையைக் கழிக்க மறக்காதீர்கள். ஆள் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பதிந்துகொண்டால் அந்த எண் கிடைக்கும். மெதுவான ஓட்டத்திலேயே எதிர்ப்பு இருந்தால் பெரும்பாலும் தசையும் தசைநாரும் குறுகிவிட்டன என்று பொருள். நீண்ட நேர இழுவையும் மூட்டை நிலையாகத் தாங்கும் ஸ்பிளின்ட்டும் தேவை. வேகத்தில் மட்டும் எதிர்ப்பு எழுந்தால் அது அனிச்சை. வேகத்தைக் குறைப்பதும், மருத்துவர் முடிவு செய்தால் போட்டுலினம் ஊசியும் வழி. படுக்கையருகே கையால் பார்த்துப் போடும் ஆஷ்வொர்த் மதிப்பெண் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஒரு மாணவர் குழு இந்த அளவுகருவியை மட்டும் ஒழுங்காகச் செய்து கொடுத்தாலே, எங்கள் பார்வையில் அது ஐந்து விரல் கையுறையைவிட மதிப்புள்ள புராஜெக்ட்.

பயிற்சியின் நடுவே எதிர்ப்பு ஏறினால் என்ன செய்வது? தள்ளாதீர்கள். மோட்டாரை அந்த இடத்திலேயே மென்மையாக்கி, சில பாகை பின்வாங்கி, தசை தளரும்வரை நில்லுங்கள். அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட்டின் கை செய்வதும் அதுவே.

கணுக்கால் கருவி செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பாதத்தை மேலே தூக்கிய நிலையில் கருவி திடீரென வினாடிக்கு 5 முதல் 8 முறை அதிரத் தொடங்கினால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பிஐடி எண்களை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். மின்சாரத்தைத் துண்டியுங்கள். அதிர்வு நின்றால் கோளாறு உங்கள் நிரலில். நிற்காமல் தொடர்ந்தால் அது குளோனஸ்: கெண்டைக்கால் தசையின் அனிச்சை தன்னைத்தானே மீண்டும் மீண்டும் தூண்டிக்கொள்கிறது. நிரலில் எந்த வடிகட்டியைப் போட்டாலும் அது போகாது. பாதத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, தசையின் இழுவையைக் குறைத்தால் அடங்கும்.

மேசையில் வைத்துச் சோதிக்கும் கையுறைகள் நோயாளி கையைத் தூக்கியதும் தோற்றுப்போவதற்கும் நரம்பியலில் விடை இருக்கிறது. நேரடிப் பாதை பழுதானபின் மூளை, மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பழைய பாதைகளை நம்பத் தொடங்குகிறது. அவற்றுக்குத் தோளையும் முழங்கையையும் விரலையும் தனித்தனியே பிரித்து ஆளத் தெரியாது. தோளைப் பக்கவாட்டில் தூக்கினால் முழங்கை தானே மடங்கும், விரல்கள் இறுக மூடும். தோள் எவ்வளவு எடை சுமக்கிறதோ அந்த அளவுக்குக் கை எட்டும் தூரம் சுருங்குகிறது என்பதைச் சிகாகோவில் ஜூல்ஸ் டேவால்ட் குழு ரோபோவைக் கொண்டே அளந்து காட்டியது. ஒரு முழுக் கை உடல் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு. 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. ஆகவே விரலுக்கு மோட்டார் போடுமுன் கையின் எடையைத் தாங்க ஸ்பிரிங்கோ, கப்பியும் எதிர் எடையுமோ வையுங்கள். முதலில் முழு எடையையும் தாங்குங்கள். விரல் திறப்பதைப் பாருங்கள். பிறகு தாங்குதலைச் சிறுகச் சிறுகக் குறையுங்கள், எந்த எடையில் விரல் மூடத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வாரா வாரம் உயர்த்துவதே பயிற்சி. இதற்கு மோட்டாரே வேண்டாம்.

அசைவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் உணர்வை மறந்துவிடுகிறோம். கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இந்த நிலை உணர்வு மங்கிவிடும். விரல் ரோபோவைக் கொண்டு கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வொன்றில், நிலை உணர்வு நன்றாக இருந்தவர்களே பயிற்சியால் அதிகம் பயனடைந்தார்கள். எனவே முதல் நாளே அளந்து பாருங்கள். கையை அட்டையால் மறைத்து, விரலை மெதுவாக மேலோ கீழோ நகர்த்தி, திசையைக் கேளுங்கள். வரிசையை முன்பின்னாகக் கலைத்து 20 தடவை. பத்துக்கு நெருக்கமாக மட்டுமே சரியான விடை வந்தால் அது குருட்டு ஊகம். இதிலும் ஒரு பொறி உண்டு: மோட்டார் இரு திசையிலும் இரு விதமாகச் சத்தம் போடும், நோயாளி காதால் விடை சொல்லிவிடுவார். காதில் இரைச்சல் ஒலியை ஓடவிடுங்கள். மோட்டார் சத்தம் மட்டுமல்ல, அதிர்வும் கவனிக்க வேண்டியது. தசைநாரின் மேல் 70 முதல் 100 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வு கொடுத்தால், தசை நீளுகிறது என்று தசைக்கதிர்கள் தவறாகச் செய்தி அனுப்பும், நகராத கை நகர்வதுபோல் தோன்றும் என்பது 1970-களிலேயே தெரிந்த செய்தி. பல்சக்கரங்கள் உரசும் அதிர்வெண் அந்த எல்லைக்குள் விழுந்து, கருவியின் பட்டை நேராகத் தசைநாரின் மேல் இருந்தால், நீங்கள் கற்பிக்க நினைக்கும் உணர்வையே கருவி குழப்புகிறது.

தசை எழுப்பும் மின் அலையை, அதாவது இஎம்ஜியை, நம்பி விசையைத் தொடங்கும் கருவிகளுக்குச் சில வார்த்தை. தசை சுருங்கி விசை வெளிப்படும் முன்பே மின் அலை வந்துவிடும். விரல் அசையாதவரிடமும் முயற்சியின் தடயம் இருக்கும். அதனால் இது நல்ல வழி. மின்முனைகளை 20 மில்லிமீட்டர் இடைவெளியில், தசை நாரின் போக்கிலேயே ஒட்டுங்கள், ஒட்டுமுன் தோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள். 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, குறைந்தது வினாடிக்கு 1000 அளவீடு எடுங்கள். ஓய்வு நிலையின் சராசரியோடு மூன்று திட்டவிலக்கத்தைக் கூட்டி, அதைத் தொடர்ந்து 50 மில்லிவினாடி தாண்டினால் முயற்சி என்று கொள்வது வழக்கம். ஆனால் மடக்கும் தசை எந்நேரமும் இறுகியிருப்பவரிடம் இந்த வரம்பு பொய்யாகத் தாண்டப்படும், முன்கையில் ஒரு தசையின் அலை அடுத்த தசையின் மின்முனையிலும் கேட்கும். நீட்டும் தசை, மடக்கும் தசை இரண்டையும் பதிந்து, அவற்றின் விகிதம் மாறுவதைப் பாருங்கள். சித்திரை வெயிலில் வியர்த்து மின்முனை நழுவுவது நம் ஊரின் நிரந்தரச் சிக்கல். அரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். மின்முனை உடலில் இருக்கும்வரை, சார்ஜரில் மாட்டிய மடிக்கணினியோடு கருவியை இணைக்கவே கூடாது. பேட்டரியில் ஓட்டுங்கள், தரவை மின்தனிமைப்படுத்தி அல்லது கம்பியில்லாமல் அனுப்புங்கள். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

தலையில் மாட்டும் மூளை மின் அலைக் கருவிகள் மீது மாணவர்களுக்கு இருக்கும் ஈர்ப்பு புரிகிறது. ஆனால் அங்கே சைகை சிறியது, கண் சிமிட்டலும் தாடை அசைவும் பெரியவை. தசையில் தடயமே இல்லாதவருக்கு மட்டும் அந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

நடை ரோபோ செய்பவர்கள் தண்டுவடம் எதைக் கேட்கிறது என்று அறிய வேண்டும். கால்களை மாற்றி மாற்றி வீசும் தாளத்தை உண்டாக்கும் சுற்று தண்டுவடத்திலேயே இருக்கிறது என்பதைப் பூனைகளிடம் தாமஸ் கிரஹாம் பிரவுன் 1911-இல் காட்டினார். முழுத் தண்டுவடக் காயம் பட்ட மனிதர்களிடம் சூரிச்சில் ஃபோல்கர் டீட்ஸ் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சுற்றைத் தூண்டுவதற்கு இரண்டு செய்திகள் முக்கியம் என்று தெரிந்தது: பாதத்தில் விழும் எடை, இடுப்பு மூட்டின் நிலை. காலை அந்தரத்தில் அழகாக ஆட்டினால் தண்டுவடத்துக்கு எதுவும் எட்டாது. எனவே தொங்கவிடும் பட்டை உடல் எடையில் பாதிக்கு மேல் தாங்கும் நிலையிலேயே நாட்களை ஓட்டாமல், முழங்கால் மடங்கிவிடாத அளவுக்கு எடையைக் காலுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஊன்றும் கட்டத்தின் கடைசியில் இடுப்பு நேர்கோட்டைத் தாண்டிப் பின்னோக்கிப் போகிறதா என்று பாருங்கள்; மோட்டாரின் பயண எல்லை பூச்சியம் பாகையிலேயே நின்றுவிடும் வடிவமைப்புகள் ‘இனிக் காலைத் தூக்கு’ என்ற சைகையையே துண்டித்துவிடுகின்றன. தண்டுவடத்தில் மின்முனை வைத்துத் தூண்டும் முறையிலும் இதே பாடம்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரக் குழு 2018-இல் வெளியிட்டபடி, எலிகளிடம் பலித்த இடைவிடாத தூண்டல், மனிதர்களிடம் காலிலிருந்து மேலே வரும் நிலை உணர்வுச் செய்திகளை மோதி அழித்துவிட்டது. நடையின் கட்டத்துக்கேற்ப இடம் மாற்றி, விட்டுவிட்டுத் தூண்டியபோதுதான் அந்தச் செய்திகள் தப்பிப் பிழைத்தன.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. மூட்டின் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் உலோகத் தடை நிரலுக்கு வெளியே இருக்க வேண்டும். நிறுத்தும் பொத்தான் நோயாளியின் நல்ல கைக்கு எட்ட வேண்டும். தோள் மூட்டு இறங்கியிருப்பவரின் கையை உள்ளங்கையில் பிடித்து இழுக்கும் எந்தக் கருவியும் ஆபத்து. முன்கையைத் தாங்கியே நகர்த்துங்கள். விரல்நுனியில் கட்டிய நைலான் நரம்பு விரலை நிமிர்த்துவதைவிட, விரலின் அடி முட்டியைப் பின்னோக்கி வளைத்து, மூட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும். ஒவ்வொரு கணுவுக்கும் தனித் தாங்கல் வேண்டும். உணர்வு குறைந்த தோல் புண்ணானாலும் வலிக்காது, ஆகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையை அவிழ்த்துச் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், நோயாளியின் எழுத்துபூர்வமான சம்மதமும் இல்லாமல் யார் கையிலும் மாட்ட வேண்டாம், உங்கள் வீட்டுப் பெரியவராக இருந்தாலும்.

ஆசிரியர்களிடமும் மதிப்பீட்டாளர்களிடமும் எங்கள் கோரிக்கை இது. ஐந்து விரல் கேட்காதீர்கள். வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ ரோபோவில் இருப்பது ஒரே மோட்டார். கைப்பிடியை மாற்றி மாட்டி மணிக்கட்டு, முன்கைச் சுழற்சி, விரல்களைத் திறந்து மூடுதல் என்று ஒவ்வொன்றாகப் பயிற்சி தருகிறது. ஒரு மூட்டு போதும், அதை முழுமையாகக் கேட்கும் கருவியாகச் செய்யட்டும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கருவியை மின்சாரம் இல்லாமல் உங்கள் சுண்டு விரலால் தள்ளிப் பாருங்கள், நகர்கிறதா என்று. விசையின் அளவீடு வினாடிக்கு எத்தனை முறை, வடிகட்டியின் தாமதம் எத்தனை மில்லிவினாடி என்று கேளுங்கள். நோயாளி முயற்சியே செய்யாமல் கையைத் தொங்கப்போட்டால் உங்கள் கருவிக்குத் தெரியுமா என்று கேளுங்கள். மாணவரே கையைத் தளர்த்திக்கொண்டு, திரையில் அது தெரிவதைக் காட்டட்டும். முன்னேற்றத்தை ரோபோ காட்டும் கோணத்தால் அளக்க விடாதீர்கள். கருவியைக் கழற்றிவிட்டு, கையின் அசைவுத் திறனை அளக்கும், 66 மதிப்பெண் கொண்ட ஃபியூகல்-மேயர் தேர்வை, பயிற்சி பெற்ற ஒரு தெரபிஸ்ட் எடுக்க வேண்டும். பயிற்சி முடிந்து சில வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை.

கல்லூரிக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு, கணினியில் முதல் சிஏடி வரைபடம் போடுமுன், மாணவர்களை ஒரு வாரம் அனுப்புங்கள். தெரபிஸ்ட்டின் கை எப்போது தாங்குகிறது, எப்போது விட்டுவிடுகிறது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வரட்டும். புராஜெக்ட்டின் தேவைப் பட்டியல் அந்த நோட்டிலேயே இருக்கும்.

அன்புடன்,
மறுவாழ்வு சிகிச்சையிலும் அதற்கான கருவியியலிலும் பணிபுரியும் சிலர்